ஆறு ஐம்பத்தெட்டு, வடமேற்கு

பனியாம். பனி விழுகிறதாம், தலையில் இறங்கினால் சளி பிடித்துக்கொள்ளுமாம், மாடிக்குப் போகாதே பிலோ என்றார், அதுவும் எவ்வளவு பதமாக, படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இந்தப் பிலோமினாவின் தலையில் பனி இறங்குவதைப் பற்றி அருளப்பன் கவலைப்பட்டது அன்றைக்குத்தான். நானும் நம்பினேனே. நம்பியதோடு விட்டேனா, மறுநாள் அவருக்குப் பிடிக்குமென்று நெத்திலி வாங்கி வந்து, உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளி, குழம்பு வைத்தேன். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். எப்படி இறங்கியது அந்தச் சோறு? குரூப்பில் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார், நான் முள் இல்லாத துண்டாகப் பார்த்துப் பார்த்துத் தட்டில் வைக்கிறேன். இந்தக் கேமரா ஸ்டாண்டின் மூன்றாவது கால் வேறு நிற்க மாட்டேன் என்கிறது. திருகைத் திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இருக்கட்டும், பிளாஸ்திரி கொண்டுவந்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் கையில் பிளாஸ்திரி இல்லாமலா போகும், இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றினால் நிற்காமல் எங்கே போகிறது. நின்றது. மணி ஆறு இருபது. இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம். மேற்கே வானம் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது, வெயில் போன சிமெண்ட் தரை உள்ளங்காலில் கதகதப்பாக இருக்கிறது, பனியாம், எங்கே இருக்கிறது பனி, கே.கே. நகரில் எந்த மொட்டை மாடியிலாவது இந்த நேரத்துக்குப் பனி விழுமா.

மத்தியானம் மூன்று மணிக்குத்தான் தெரிந்தது. "நாளைக்குத் தொட்டி கழுவுறாங்களாம், எத்தனை மணிக்குத் தண்ணி நிக்கும்னு குரூப்ல போட்டிருப்பாங்க, பாரு" என்று அவரேதான் போனைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அசோசியேஷன் குரூப்பில் நான் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒருவர்தான், அந்த ஒருவர் அவர், வீட்டுப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, குரூப்பில் ஒன்றுதான் இருக்கிறது. தண்ணீரைத் தேடி மேலே தள்ளிக்கொண்டே போனேன். லிஃப்ட் ரிப்பேர், நாய் அசிங்கம், புத்தாண்டு வாழ்த்து, பிறகு பதினொரு நாளைக்கு முந்தைய தேதியில் செயலாளர் கோதண்டம் எழுதியது. 'மொட்டை மாடியில் மாலை நேரங்களில் கேமரா வைத்து எதிர்க் கட்டடத்தைப் படம் எடுப்பதாகத் தெரிய வருகிறது. பெண்கள் துணி காயப்போடும் இடம். இது போன்ற செயல்கள் கண்டிக்கத்தக்கவை.' பெயர் இல்லை. யார் என்று இல்லை, எந்த வீடு என்று இல்லை. நாற்பத்தெட்டு வீட்டில் யாராகவும் இருக்கலாம். நான்கு நிமிஷம், வெறும் நான்கு நிமிஷம் கழித்து அருளப்பன். 'மன்னிக்கவும் சார். என் மனைவிதான். இனி நடக்காது.' அதற்குப் பக்கத்தில் இரண்டு கும்பிடு. அதற்குக் கீழே ஏழு பேர் கட்டைவிரல். குளியலறையில் மக்கால் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. துடைத்துக்கொண்டு வந்து, "எத்தனை மணிக்காம்?" என்றார். "ஒன்பதுக்கு" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். ஏன் அவ்வளவுதான் பேசினேன்? அப்போதே கேட்டிருக்க வேண்டாமா? நடக்காது என்பதை எழுத இவர் யார்? என் கால், என் மாடி, என் கேமரா.

அந்த மூன்று நட்சத்திரம் கிழக்கே வந்துவிட்டதா? வரிசையாக மூன்று, நானே போன வருஷம்தான் கற்றுக்கொண்டேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ஃபோகஸ் செய்ய ஒரு நட்சத்திரமாவது வேண்டும். முதல் தடவை இது தெரியாமல் லென்ஸை ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன், அது இருட்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடி ஓடி, கடைசியில் ஒன்றுமே எடுக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ரிட்டயர் ஆகி, மூடப்போகிற ஸ்டுடியோக்காரரிடம் பழைய கேமரா வாங்கி, புத்தகமும் இல்லாமல் ஆசிரியரும் இல்லாமல் போனில் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொள்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டாவது தடவை அருமையான கோடு விழுந்தது என்று குதித்தேன், பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள், ஏர்போர்ட்டில் இருந்து கிளம்பின சிங்கப்பூர் பிளேன். மூன்றாவது தடவை மேகம். நான்காவது தடவை ஸ்டாண்ட் ஆடி கோடு புழுவாக நெளிந்துவிட்டது. பிளேன் கண் சிமிட்டும், நான் பிடிக்க வந்தது சிமிட்டாது. சத்தமும் வராது. போன வருஷம் ஒரு நாள் துணி எடுக்க வந்தபோது பார்த்தேன், பெரிய விண்மீன் ஒன்று தன் பாட்டுக்கு நடந்து போகிறது, கையில் ஈரப் பாவாடையோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். விண்வெளி நிலையம் என்று அப்புறம் தெரிந்தது, ஆட்கள் இருக்கிறார்களாம் அதற்குள். நமக்குத்தான் சூரியன் மறைந்துவிட்டது, அவ்வளவு உயரத்தில் இருக்கிற அதற்கு இன்னும் மறையவில்லை, அதன்மேல் விழுகிற வெயில்தான் நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. நானூறு கிலோமீட்டர் உயரத்தில் போவதைப் பிடிக்க வந்தவளைப் பார்த்து, கொடியில் காய்கிற நைட்டியைப் படம் எடுத்தாள் என்கிறார்கள். இதில் பாதி நைட்டி என்னுடையது.

ஒரு தடவை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை ஏன் இப்போது நினைக்கிறேன். எக்ஸ்ரே ரூமில் சேர்ந்து ஆறாவது வருஷமோ ஏழாவது வருஷமோ, கீழே விழுந்து கை ஒடிந்த ஒரு பையனுக்கு டாக்டர் சீட்டில் இடது கை என்று எழுதியிருந்தார், இடது கையை எடுத்தேன். ஒடிந்தது வலது கை. பையனின் அப்பா கத்தினார், டாக்டர் என்னைக் கை காட்டினார், சீட்டு எங்கே என்று தேடினால் சீட்டைக் காணவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் டம்ளரில் காபியை ஆற்றிக் கொடுத்து, "ஒரு வரிதானே பிலோ, எழுதிக் குடுத்துடு, என்ன கொறஞ்சிடப் போகுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தவறுக்கு வருந்துகிறேன், இனி நடக்காது. அப்படியே இதே இரண்டு வார்த்தை. ஆட்டோக்காரர் இவர் காலில் ஏற்றினாலும் இவர்தான் ஸாரி சொல்வார். கல்யாண வீட்டில் பந்தியில் இருந்து எழுப்பி வேறு ஆளை உட்கார வைத்தார்கள், ஸாரி சொல்லிவிட்டு எழுந்து வந்தார். நல்ல மனுஷன், சண்டை பிடிக்காது, குரலை உயர்த்தத் தெரியாது என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன், பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். அவர் ஸாரி சொன்னால் அவரோடு போயிற்று. என் பெயரில் சொல்ல அவருக்கு யார் உரிமை கொடுத்தது? அந்தக் கடுதாசி என் ஃபைலில் ரிட்டயர் ஆகும்வரை கிடந்தது. ஒவ்வொரு தடவை சீனியர் பதவிக்குப் பேச்சு வந்தபோதும் அதை எடுத்து விசிறினார்கள். என்ன கொறஞ்சிடப் போகுதாம்.

நட்சத்திரம் வந்துவிட்டது. ஒன்று போதும். திரையில் பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்பி, பஞ்சு மாதிரி இருப்பது ஊசிமுனை ஆகிறவரை, அங்கேதான், இனி யாரும் தொடக் கூடாது. பத்துப் பத்து விநாடியாகத் தொடர்ந்து எடுக்க வேண்டும், ஒயர் பட்டனை அமுக்கிப் பூட்டிவிட்டால் அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கும். நிலையம் வடமேற்கில் ஏறும் என்று போனில் போட்டிருக்கிறது, இங்கிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து. அதனால்தான் கேமராவை எதிர்க் கட்டடத்துப் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது, வேறு எந்தப் பக்கம் திருப்புவது, அது கிழக்கே ஏறினால் கிழக்கே திருப்பமாட்டேனா. சரி. அந்த ஜன்னல். அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மேகம் வந்த அன்றைக்கு எடுத்ததில் கீழே ஓரத்தில் மூன்றாவது மாடி ஜன்னல் ஒன்று விழுந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்தேன்தான். பத்து விநாடிப் படத்தில் நடமாடுகிறவர்கள் விழமாட்டார்கள், புகையாகப் போய்விடுவார்கள், அசையாமல் இருப்பவர்கள்தான் விழுவார்கள். அடுப்படித் தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் பாத்திரம், கை பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது, அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தாள். பத்து விநாடி ஒரு கவளத்தைக்கூட எடுக்காமல் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? ஒரு நிமிஷம் பார்த்திருப்பேன், இரண்டு நிமிஷம்கூட இருக்கும், பிறகு அழித்துவிட்டேன். அழித்தது யாருக்கும் தெரியாது. பார்த்ததும் யாருக்கும் தெரியாது. இருபத்தெட்டு வருஷம் மனுஷர்களின் எலும்பையே பார்த்தவள், அதைப் போய் ஒருத்தரிடம் சொன்னேனா? அப்படியானால் கோதண்டம் எழுதியது சரியா? சரியில்லை. கோதண்டத்துக்கு அந்தப் பெண்ணையும் தெரியாது, அந்தப் படத்தையும் தெரியாது. இன்றைக்குக் கேமராவை இரண்டு விரல் உயர்த்தி வைக்கிறேன், ஜன்னல் வராது, தொட்டி மட்டும் வரும். உயர்த்தும்போதே ஆத்திரமாக வருகிறது, ஒத்துக்கொள்வது மாதிரி. இவர்கள் சொன்னதற்காக உயர்த்தவில்லை, அவளுக்காக உயர்த்துகிறேன். அதைக்கூட மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது பார், அதுதான் அவர்கள் செய்த வேலை.

ஆறு நாற்பத்தொன்பது. படிக்கட்டில் செருப்புச் சத்தம். அவரோ என்று நினைத்தேன், என்னைத் தேடிக்கொண்டு. வந்து பார்க்கட்டும் என்றும் இருந்தது, வரக் கூடாது என்றும் இருந்தது. வந்தது கோதண்டம். கையில் பூட்டும் சாவியும். "யாரு மேல? மேடமா? சார்கிட்ட சொல்லியிருந்தேனே." "சார்கிட்டதானே சொன்னீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, ஆடவில்லை. "ஆறரைக்கு மேல மாடியைப் பூட்டணும்னு மீட்டிங்ல முடிவு பண்ணியாச்சுங்க. கீழ வாங்க." "ஏழு மணிக்கு வர்றேன்." "ஆளுக்கு ஒரு நேரம் குடுக்க முடியாதுங்க மேடம். எதிர்ல இருந்து புகார் வந்திருக்கு." அந்த ஜன்னல். அவளா சொன்னாள், பார்த்தாளா, அசையாமல் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா? "யார் சொன்னாங்க?" "பேரெல்லாம் சொல்ல முடியாதுங்க." "பேர் வேணாம். எந்த மாடி? அதையாவது சொல்லுங்க." சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "புகார்னு இல்ல மேடம். நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா செகரட்டரி நான் என்ன பதில் சொல்றது? அதான் முன்கூட்டியே." "அப்ப யாருமே சொல்லல." "சொல்ற மாதிரி ஆயிடக் கூடாதுல்ல." யாருமே சொல்லவில்லை. பதினொரு நாள். கட்டைவிரல் ஏழு. யாருமே சொல்லாத புகாருக்கு இரண்டு கும்பிடு. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுதுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கோதண்டமோ ரொம்ப நியாயமாகத் தலையைச் சாய்த்து, "சாரே ஒத்துக்கிட்டாரே மேடம். தப்பு இல்லேன்னா மன்னிப்பு எதுக்குக் கேக்கணும், நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. தவறான ஆளிடம் கேட்டார்.

"பூட்டிட்டுப் போறதுன்னா பூட்டுங்க, நான் உள்ளயே இருக்கேன்" என்றேன். "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று முனகிவிட்டு அங்கேயே நின்றார். போகவும் இல்லை, விடவும் இல்லை. ஆறு ஐம்பத்தைந்து. ஐம்பத்தாறு. பட்டனை எப்போது அமுக்குவது, சீக்கிரம் அமுக்கினால் வெறும் வானமாக விழும், பரவாயில்லை, வெறும் வானமும் விழட்டும். அமுக்கிப் பூட்டினேன். க்ளிக் என்றது, பத்து விநாடி, மறுபடி க்ளிக். அந்த நேரம் பார்த்து இந்த மனுஷன் பூட்டைப் பார்க்கிறேன் என்று போன் டார்ச்சைப் போட்டார், தரையெல்லாம் வெள்ளை. "லைட்டை அணைங்க" என்றேன். அது எக்ஸ்ரே ரூம் குரல். போலீஸ்காரர், கவுன்சிலர், பிரசவ வலியில் வந்தவள் என்று எல்லாரையும் அசையாமல் நிற்க வைத்த குரல், ரிட்டயர்மெண்ட் அன்றைக்கு அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்திருந்தேன். சட்டென்று அணைத்துவிட்டார். இருட்டானது. தொட்டிக்கு மேலே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. கணக்கு தப்பா, நாள் தப்பா, நேற்றையதைப் பார்த்துவிட்டேனா, இவர் எதிரில் ஒன்றும் வராமல் போனால் நான் எந்த முகத்தோடு படி இறங்குவேன். வந்தது. தொட்டியின் விளிம்பில் இருந்து, தூசி மாதிரி, பிறகு பொட்டு மாதிரி, ஏற ஏற வெளுத்துக்கொண்டு, சிமிட்டாமல், சத்தமில்லாமல், யாரிடமும் கேட்காமல். தலைக்கு மேலே வந்தபோது ஊரிலேயே அதைவிட வெளிச்சமாக ஒன்றும் இல்லை. திரும்பித் தென்கிழக்குப் பார்த்தேன், பாதி வானத்தில் பழுப்பாகி, பூமியின் நிழலுக்குள் போய் அணைந்தது. அதற்கும் இப்போதுதான் சூரியன் மறைந்தது. கோதண்டமும் அண்ணாந்துதான் நின்றார். "பிளேன்தானே மேடம்?" என்றார். நான் திருத்தவில்லை. எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஸ்டாண்டை மடக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினேன், பின்னால் பூட்டு விழுந்தது. படியிலேயே நின்று பார்த்தேன். ஆறாவது படத்தில் டார்ச் வெளிச்சம், அது பாழ். அப்புறம் வெறும் வானம். பன்னிரண்டாவதிலிருந்து இருக்கிறது. தொட்டிக்கு மேலே கோடு, அடுத்ததில் இன்னொரு கோடு, அடுத்ததில் இன்னொன்று, ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தடிமனாக, நெளியாமல், புள்ளியில்லாமல், சிவப்பில்லாமல் பச்சையில்லாமல். இது நான் எடுத்தது. நான்காவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்று சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் போனால் அருளப்பன் சோபாவில் இல்லை, சாப்பாட்டு மேஜை நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருக்கிறார், போன் கையில். "கோதண்டம் சார் போன் பண்ணாரு" என்றார். "என்ன சொன்னீங்க?" அவர் என் கேமராவைப் பார்த்தார், காலில் பிளாஸ்திரி சுற்றிய ஸ்டாண்டைப் பார்த்தார். "ஸாரி சொன்னேன்" என்றார். மறுபடியுமா. கையில் இருப்பதைப் போட்டு உடைத்துவிடலாம் போல இருந்தது, கேமரா என்பதால் உடைக்கவில்லை. "எதுக்குச் சொன்னீங்க?" "அவரு கோவமா இருந்தாரு பிலோ." "நான் கோவமா இருக்கேனே, எனக்கு ஒண்ணும் சொல்லலியே." போனைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். "குரூப்ல நீங்க எழுதினதை இன்னைக்குப் பாத்தேன். பனி விழுதுன்னு என்கிட்ட சொன்னீங்க. நான் மாடியில என்ன பண்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?" "போட்டோ எடுக்கற." "எதை?"

வாயைத் திறந்தார். ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன், நிலா என்பார், நட்சத்திரம் என்பார், முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான் எல்லா மூலையிலும் இருந்து நழுவியிருக்கிறார். அவரோ, "தெரியாது" என்றார். நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தேன், ஸ்டாண்ட் எங்கள் நடுவில் நின்றது. தெரியாதாம். அதுதான் நிஜம், இந்த வீட்டில் இன்றைக்கு ஒருவர் சொன்ன முதல் நிஜம். காட்டிவிடலாமா என்று கை போயிற்று, திரையில் கோடு இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது, காட்டினால் நல்லா இருக்கு என்பார், அதோடு எல்லாம் முடிந்துவிடும், அவருக்கு அப்படி முடிவதுதான் பிடிக்கும். அணைத்தேன். "குரூப்ல எழுதுங்க" என்றேன். "என்ன எழுதட்டும்?" "இப்ப என்கிட்ட சொன்னதை." போனை மேஜையில் வைத்து, கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். ஒரே எழுத்தை இரண்டு தடவை அழித்தார், பார்த்தேன், பார்த்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார், 'என் மனைவி மாடியில் எதைப் படம் எடுக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கேட்காமலேயே அன்று உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அது தவறு.' நிமிராமலே, "கடைசில மன்னிக்கவும்னு போடவா?" என்றார். "யாருக்கு?" என்றேன். விரல் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.